கல்லறைச் சாலைக்குத் தண்ணீர்

நெப்ராஸ்காவின் பிளம் ஃபோர்க் ஊரில் லவோன் ஸ்டெலிக் கிரேடர் என்கிற சாலை வழிக்கும் இயந்திரத்தை ஓட்டுகிற அழகைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பதினான்கு அடி அகலத் தகட்டை இறக்கி, நடுரோட்டில் படுத்துத் தூங்குகிறவனுக்கு முகச்சவரம் செய்துவிட்டுப் போவாள். அவன் எழுந்து கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடி எங்கே என்று தேடுவான். ஒரு முறை சாலையைக் கடந்துகொண்டிருந்த ஆமையைத் தகட்டின் நுனியில் பூப்போல ஏந்தி ஓரத்தில் இறக்கி வைத்தாள். ஆமைக்கு அது தெரியவே தெரியாது.

சரி, இதில் கொஞ்சம் கூடுதல் இருக்கிறது. தூங்கியவன் என்று யாரும் இல்லை. ஆமை நிஜம்தான், ஆனால் லவோன் வண்டியை நிறுத்தி, இறங்கி, இரண்டு கையாலும் தூக்கித்தான் அதை ஓரமாக விட்டாள். அதுவும் நன்றிக்கு அவள் கையுறையில் மூத்திரம் பெய்துவிட்டுப் புல்லுக்குள் போனது. ஆனால் மாவட்டத்தின் வடக்குப் பாதியில் இருக்கும் நூற்று நாற்பது மைல் கிராவல் சாலையை அவளைப் போல வழித்துச் சமன் செய்ய ஆள் கிடையாது என்பதில் சொட்டுப் பொய்யும் இல்லை.

தார் போடாத இந்தக் கிராவல் சாலை சும்மா கிடக்காது. பத்து வண்டி வேகமாகப் போனால் போதும், துணி துவைக்கும் பலகை போலக் குறுக்கே வரி வரியாக மேடும் பள்ளமும் விழுந்துவிடும். அதன் மேல் வண்டி ஓட்டினால் பல் ஆடும், பின்சீட்டில் வைத்த முட்டை உடையும். மேலாக வழித்துவிட்டுப் போனால் மூன்றே நாளில் வரி திரும்பி வரும். பள்ளத்தின் அடிவரை வெட்டி, கிளறி, நடு உயர்ந்து இரு ஓரமும் சரியும்படி மறுபடி பரப்ப வேண்டும். அதுவும் ஈரம் இருக்கும்போது. இருபத்தேழு வருஷமாக லவோனுக்கு இதுதான் வேலை. சேர்ந்த புதிதில், பொம்பளைக்கு இது ஆகாது என்று சொன்ன நான்கு பேருக்கு ஊரிலேயே நல்ல சாலை போட்டுக் கொடுத்தாள். நான்கு பேரும் இப்போது அதே சாலையின் கடைசியில், ஊர்க் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

அந்த நான்கு பேரும் குலுங்காமல்தான் போனார்கள். ஊரில் யார் செத்தாலும் அடக்கத்தன்று காலையில் கல்லறைச் சாலை இரண்டு மைலையும் லவோன் வழித்துவிடுவாள். யாரும் சொல்லிச் செய்வதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. இறந்தவர் வீட்டுக்குச் சிலர் உருளைக்கிழங்கு சுட்டு எடுத்துப் போவார்கள். லவோனுக்குச் சமையல் வராது.

2006 ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை, ஹாவெல்கா பண்ணைக்கு மேற்கே அவள் வழித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்தது. அரை மைல் தூரம் பின்னாலேயே வந்தது. முந்திப் போக நினைக்கிறார்கள் என்று கிரேடரை ஓரம் கட்டி, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தினாள். அந்தப் பக்கத்தில் எல்லோரும் எல்லோருக்கும் செய்வது அது. எதிரே வருவது அண்ணனோ, வங்கிக்காரனோ, வழக்குப் போட்டவனோ, விரல் உயரும். கார் முந்திப் போகவில்லை, நின்றது. ராணுவச் சீருடையில் இரண்டு பேர் இறங்கித் தொப்பியைச் சரி செய்துகொண்டார்கள்.

"அம்மா, நீங்கதான் லவோன் ஸ்டெலிக்கா?"

அவளுடைய ஒரே மகன் கோல்பிக்கு இருபத்தோரு வயது, சிப்பாய். இராக்கில் அவன் போன வண்டிக்கு அடியில் சாலை வெடித்தது. அந்தச் சாலையும் கிராவல்தானா என்று அவள் கேட்டாள். வந்தவர்களில் இளையவன் மூத்தவனைப் பார்த்தான். மூத்தவன், "எனக்குத் தெரியலம்மா" என்றான். அவள் தலையாட்டிவிட்டு, பாதி வழித்து விட்டிருந்த மண்மேட்டைக் காட்டி, "இதை இப்படியே விட்டா யாராவது ஏறி விழுவாங்க. முடிச்சிட்டு வரேன்" என்றாள். இரண்டு பேரும் வெயிலில் நாற்பது நிமிஷம் நின்றார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. தொலைபேசி அடித்தால் எடுத்தாள். எதிரே தட்டு வந்தால் தின்றாள். உப்பா இனிப்பா என்று கேட்டால் தெரியாது. கணவன் டுவேன் மாரடைப்பில் போனபோது அழுதவள்தான். இப்போது அழுகை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. சிநேகிதி ஜோலின் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது உடையும் என்று. அது உடைகிறதாக இல்லை.

ஒன்று மட்டும் உள்ளே போனது. சவப்பெட்டியோடு வந்த சார்ஜண்ட், "பெட்டியத் திறக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்கம்மா" என்றான். உள்ளே என்ன இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அது அசையக் கூடாது. அந்த ஒரு நினைப்பு மட்டும் ஆணி அடித்தது போல நின்றது. தேவாலயத்திலிருந்து கல்லறை இரண்டு மைல். ஆறு வாரமாக மழை இல்லை. அறுவடைக்கு முந்தைய லாரிகள் ஓடி ஓடிச் சாலை முழுக்க வரி.

அப்போதுதான் ஷெரீஃப் அலுவலகத்துக்கு ஓர் அறிவிப்புத் தாள் வந்தது. பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு கூட்டம். பெயர் எதற்கு, பதினொரு பேர் கொண்ட ஒரு சபை. நாட்டின் பாவத்துக்குக் கடவுள் கொடுக்கும் தண்டனைதான் சிப்பாய்களின் சாவு என்பது அவர்கள் பிரசங்கம். எங்கே அடக்கம் நடந்தாலும் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய் நின்று, இன்னும் சாகட்டும் என்று பாடுவார்கள். கோல்பியின் அடக்கத்துக்கும் வருகிறார்கள். கல்லறை வாசலிலிருந்து நூறு கெஜம் தள்ளி, சாலையோரத்தில் நிற்கச் சட்டப்படி அவர்களுக்கு உரிமை உண்டு.

அடக்கத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தீயணைப்புக் கொட்டகையில் ஊர் கூடியது. தண்ணீர் லாரிகளை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். தீயணைப்புத் தலைவன் ஆர்லன் வோசிக், லவோனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், மேஜை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"அடிதடி வேண்டாம், திட்ட வேண்டாம். ஒண்ணுமே செய்ய வேண்டாம். ரோடு மாவு மாதிரி கிடக்கு. நாளைக்கு நானூறு வண்டி போகும். அவனுங்க வாயத் திறந்து பாடட்டும். ஒவ்வொருத்தனும் ஒரு பவுண்டு நெப்ராஸ்கா மண்ணத் தின்னுட்டுத்தான் ஊர் போய்ச் சேருவான்."

கொட்டகையே சிரித்தது. பத்து நாளாக அந்த ஊரில் கேட்காத சத்தம்.

"சட்டப்படி தப்பில்லையே?" என்றாள் ஜோலின்.

ஷெரீஃப் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "தூசிக்குச் சட்டம் எழுதுற ஆள் இன்னும் பொறக்கல."

"அப்ப நான் என் லாரிய மெதுவா ரெண்டு தடவை ஓட்டுவேன்," என்றான் ஒருவன்.

"நீ ஓட்டினா உன் லாரிப் புகையே போதும்டா, தூசி எதுக்கு?"

மறுபடி சிரிப்பு. கடைசி வரிசையில் லவோன் எழுந்து நின்றது முன்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

"ரோட்ட நனைக்கணும்" என்றாள்.

ஆர்லன் கழுத்தை நீட்டிப் பார்த்தான். "என்னது?"

"காஞ்சதை வழிச்சா நிக்காது. முதல் பத்து வண்டியிலேயே மறுபடி வரி விழும். இன்னைக்கு விடிகாலை ஒரு தடவை, வழிக்கும்போது ஒரு தடவை, தண்ணி விடணும்." இன்னைக்கு இல்லை, நாளைக்கு என்று யாரும் திருத்தவில்லை.

"நனைச்சா தூசி?"

"இருக்காது."

"லவோன்!" ஆர்லன் மேஜையிலிருந்து இறங்கினான். "அந்தப் பாவிங்க உன் புள்ளையப் பத்தி என்ன எழுதிட்டு வரானுங்கன்னு தெரியுமா? அவனுங்க வந்து நிக்க நாம தண்ணி தெளிச்சுக் குளிர்ச்சியா வச்சிருக்கணுமா? தாகத்துக்கு ஏதாச்சும் கலந்தும் குடுக்கவா?"

"அவங்களுக்கு இல்ல. பெட்டிக்கு."

சாலைத் துறை மேற்பார்வையாளர் மெர்ல் டீட்ஸ், அவளைவிடப் பத்து வயது மூத்தவர், மெல்லச் சொன்னார்: "நீ வீட்டாள்மா. வீட்டாள் வேலை செய்யக் கூடாது. ஜோலின் உன்ன அடுப்படிப் பக்கமே விடல பாரு. ரோட்ட நான் வழிச்சு வைக்கிறேன்."

"நீங்க நடுவுல திட்டு விடுவீங்க, மெர்ல்."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். மெர்ல் வழித்தால் நடுநடுவே வழிபடாத மண் திட்டு நிற்பது மாவட்டத்துக்கே தெரியும். பிறகு யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று நினைவு வந்து வாயை மூடிக்கொண்டார்கள். ஆர்லன் முகம் சிவந்து போய், "நான் ஒண்ணும் வாக்குக் குடுக்கல" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். தண்ணீர் லாரிச் சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது.

காலை ஐந்தேகாலுக்கு லவோன் கிரேடரைக் கிளப்பினாள். ஜோலின் இஸ்திரி போட்டுக் கொடுத்த கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிறகு வீட்டுக்குப் போய் மாற்ற வேண்டும் என்ற யோசனை அவளுக்கு வரவில்லை. மேலே விதைக் கம்பெனித் தொப்பி, காலில் வேலை பூட்ஸ். கிரேடர் கொட்டகைக் கதவை மெர்ல் பூட்டாமல் விட்டிருந்தார். சாவி வண்டியிலேயே தொங்கியது. அவருக்குத் தடுக்கவும் மனமில்லை, அனுமதிக்கவும் மனமில்லை. வீட்டில் விழித்தபடி படுத்திருந்தார்.

தகட்டை இறக்கினாள். அடிவரை வெட்ட வெட்டத் தூசி எழுந்து இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் நின்ற சோளத்தை வெள்ளையாக்கியது. வெட்டிய மண் தகட்டில் தவிடு போலப் புரண்டதே ஒழிய ஒட்டவில்லை. இப்படியே பரப்பினால் பெட்டி போகும்போது நன்றாக இருக்காது, அவளுக்குத் தெரியும். வேறு வழியும் தெரியவில்லை. முதல் மைலை வெட்டி முடித்துத் திரும்பினாள். ஆறு மணி. சாலையில் யாரும் இல்லை. கை தானாக நெம்புகோல்களை நகர்த்திக்கொண்டிருந்தது. ஆர்லன் வருவானா என்று அவள் நினைத்தாளா? அவள் நினைத்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஆறேகாலுக்கு ஊர்ப்பக்கம் சிவப்பாக ஒன்று தெரிந்தது. ஆர்லனின் தண்ணீர் லாரி. அதற்குப் பின்னால் இன்னொன்று, பக்கத்து ஊருடையது. அதற்கும் பின்னால் இன்னும் நான்கு. ராத்திரியெல்லாம் அவன் தொலைபேசியில் யார் யாரை எழுப்பினானோ, ஆறு ஊர்த் தண்ணீர் லாரி வரிசையாக வந்தது. ஆர்லன் கிரேடருக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஜன்னலை இறக்கி, அவளைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துச் சொன்னான்:

"எவ்வளவு விடணும், சொல்லு. சேறாக்கிட்டேன்னு அப்புறம் என் மேல ஏறாத."

"கையில புடிச்சா உருண்டை நிக்கணும். விட்டா உதிரணும்."

"கேக் மாவா?"

"எனக்குச் சமையல் தெரியாது."

அவன் ஜன்னலை ஏற்றிக்கொண்டான். லாரிகள் தண்ணீர் விட்டபடி முன்னால் போக, அவள் பின்னால் பரப்பிக்கொண்டு வந்தாள். திரும்பி வரும் லாரிச் சக்கரங்களே மண்ணை அழுத்திக் கொடுத்தன. மண் கறுத்து, படிந்து, நடுவில் உயர்ந்து நின்றது.

எட்டு மணிக்கு ஒரு பழுப்பு வேன் எதிரே வந்தது. வெளி மாநில எண்பலகை. பின்சீட்டில் அட்டைகள் அடுக்கியிருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. இடம் பார்க்க வந்திருந்தார்கள். வேன் கிரேடரைக் கடக்கும்போது லவோனின் விரல் உயர்ந்தது. வேனை ஓட்டி வந்த பெண் ஸ்டீயரிங்கிலிருந்து தன் விரலை உயர்த்தினாள். அவளும் கிராவல் சாலையில் வளர்ந்தவளாக இருக்க வேண்டும். கடந்து போன பிறகு இரண்டு பேருமே முன்னால் பார்த்துக்கொண்டு போனார்கள்.

பின்னால் லாரியில் வந்த ஆர்லன் இதைப் பார்த்துவிட்டான். வண்டியை நிறுத்தி ஓடி வந்தான். "அடிப்பாவி, யாருக்குக் கை காட்டுற? அவங்கதான் அது!"

"தெரியும். விரல் தானா எழுந்துடுச்சு."

பத்தரைக்கு ஆராதனை. தேவாலயம் கொள்ளாமல் புல்வெளி முழுக்க ஆட்கள். முந்நூற்றுப் பதினெட்டுப் பேர் உள்ள ஊரில் அன்று ஈசல் போலக் கூட்டம். மோட்டார் சைக்கிளில் வந்த முன்னாள் சிப்பாய்கள், பள்ளிக்கூடக் கால்பந்து அணி, கோல்பிக்கு மூன்றாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்துத் தோற்றுப்போன ஆசிரியை. எல்லோர் கையிலும் கொடி. லவோன் முதல் வரிசையில், கறுப்பு உடையின் ஓரத்தில் காய்ந்த சேற்றோடு உட்கார்ந்திருந்தாள். ஜோலின் ஈரத் துணியோடு குனிந்தபோது, "விடு" என்றாள்.

பெட்டி கிளம்பியது. அவளுடைய கார் சவ வண்டிக்கு நேர் பின்னால். ஜோலின் ஓட்டினாள். சாலையில் தூசி இல்லை. அதனால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, அட்டைகளில் எழுதியிருந்தது உட்பட. பதினொரு பேர் நிழலில்லாமல் நின்று உரக்கப் பாடினார்கள். தூசி இல்லாததால் தொண்டையும் நன்றாகவே இருந்தது. அவர்களுக்கும் சாலைக்கும் நடுவில் கால்பந்துப் பிள்ளைகளும் மோட்டார் சைக்கிள்காரர்களும் தோளோடு தோள் நின்று, அவர்களுக்கு முதுகைக் காட்டி, கொடியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். அட்டைகள் அதற்கும் மேலே எட்டிப் பார்த்தன.

"அந்தப் பக்கம் பார்க்காத" என்றாள் ஜோலின்.

லவோன் பார்க்கவில்லை. சவ வண்டியின் பின்சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை எவ்வளவு எழும்புகின்றன, எவ்வளவு தாழ்கின்றன என்று. பாட்டு அவள் காதில் விழுந்ததா என்று பிறகு பலரும் கேட்டார்கள். பாடினார்களா என்றுதான் அவள் திருப்பிக் கேட்டாள்.

நானூறு வண்டியும் பின்னால் வந்தது. அந்தப் பதினொரு பேரைக் கடக்கும்போது, முகத்தை இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டி வந்த நானூறு பேரில் முக்கால்வாசிப் பேருக்கு விரல் தானாக உயர்ந்துவிட்டது. சாலையோரத்தில் ஆள் நின்றால் உயர்த்திப் பழகிய விரல். உயர்த்திய பிறகுதான் யாருக்கு என்று உறைத்தது. சிலர் சடாரென்று கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் தேவாலய அடித்தளத்தில் பன்றி இறைச்சி ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்றுகொண்டிருந்தபோது ஷெரீஃப் வந்தார். "புகார் குடுத்திருக்கானுங்க. ஊரே வரிசையா வந்து அசிங்கமா விரலக் காட்டிச்சாம்."

ஆர்லன், "எந்த விரல்னு கேட்டீங்களா?" என்றான்.

"கேட்டேன். ஒருத்தன் நடுவிரல்ங்கறான். வேன் ஓட்டி வந்த அந்தம்மா மட்டும், இல்ல, ஆள்காட்டி விரல்தான், வணக்கம்தான் சொன்னாங்கன்னு சொல்லுது. அதுக்கு அவங்களுக்குள்ளயே சண்டை."

"என்னுது நடுவிரல்தான்," என்றார் மெர்ல். "எழுதிக்கோங்க."

சிரிப்பு அந்த அடித்தளம் முழுக்கப் பரவியது. ஜோலின் சிரித்து, அதிலேயே அழுகைக்குப் போய், அடுப்படிக்குள் ஓடினாள். பெட்டி மேலிருந்து எடுத்துச் சிப்பாய்கள் முக்கோணமாக மடித்துக் கொடுத்த கொடியை மடியில் வைத்துக்கொண்டிருந்த லவோன் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. சிரிப்பு வரவில்லை, அவ்வளவுதான். ரொட்டியை எடுத்துக் கடித்தாள்.

அவள் சாலைக்கு வருவோம். இரண்டு மைல். ஆறு வாரம் மழை காணாத பூமி. பெட்டியோ திறக்கக் கூடாத பெட்டி. தேவாலயப் படியிலிருந்து கல்லறை வாசல் வரை, பாலாடை மேல் கத்தி போவது போலச் சவ வண்டி போனது. அந்த இரண்டு மைலில் கோல்பி ஸ்டெலிக் ஒரு தடவைகூடக் குலுங்கவில்லை.

இதுவரை எழுதியதை நான் ஜோலின் வீட்டு மேஜையில் வைத்துப் படித்துக் காட்டியபோது, லவோன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒரு தடவை குலுங்குச்சு" என்றாள். "முதல் மைல் முடியுற இடத்துல, பசுமாடு குறுக்க போற வழி. அங்க தண்ணி சரியா எறங்கல. பின்சக்கரம், வலது பக்கம். இவ்வளவு." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஓர் அங்குலம் விலக்கிக் காட்டினாள். "மறுநாள் போய்ச் சரி பண்ணிட்டேன்."